நட்சத்திரக் குறியிட்ட ரூபாய்த் தாள்கள்

இந்திய ரூபாய்த் தாள்கள் சிலவற்றின் வரிசை எண்ணில், முன்னொட்டுக்கும் ஆறிலக்க எண்ணுக்கும் நடுவே சிறு நட்சத்திரக் குறி ஒன்று காணப்படும். அச்சிடும்போது பழுதான தாளுக்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட மாற்றுத் தாள் என்பதே அதன் பொருள். கடையில் மீதிச் சில்லறையாக இப்படியொரு தாள் கைக்கு வந்தால் செலவழிப்பதா, எடுத்து வைப்பதா என்று பலரும் யோசிக்கிறார்கள். அந்தக் குறி வந்த வரலாறு தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

புதிய தாள்கள் நூறு நூறாகக் கட்டப்பட்டு வெளிவருகின்றன. 2006 வரை ஒவ்வொரு கட்டிலும் எண்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தன. நடுவில் ஒரு தாள் பழுதானால், அதே எண்ணோடு இன்னொரு தாளை அச்சிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒற்றைத் தாளுக்காக இவ்வளவு வேலை. 2006-இல் இந்திய ரிசர்வ் வங்கி இந்த முறையை விட்டு, 10, 20, 50 ரூபாய்களில் நட்சத்திர வரிசையைக் கொண்டுவந்தது. தனியாக அச்சிட்டு வைத்த நட்சத்திரத் தாளொன்று பழுதான தாளின் இடத்தை நிரப்பும். கட்டில் நூறு தாள்கள் இருக்கும்; எண்கள் மட்டும் தொடர்ச்சியாக இரா. கட்டைச் சுற்றிய பட்டையில் அந்த விவரம் குறிக்கப்படும். பின்னர் 100 ரூபாய்க்கும், 2016 டிசம்பரில் புதிய 500 ரூபாய்க்கும் இம்முறை விரிந்தது.

இந்த ஏற்பாடு இந்தியாவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1910 முதலே மாற்றுத் தாள்களுக்கு நட்சத்திரம் இடப்படுகிறது. அங்கே எந்த வரிசையில் எத்தனை நட்சத்திரத் தாள்கள் அச்சாயின என்ற கணக்கு வெளியாகிறது. 6,40,000 அல்லது அதற்கும் குறைவாக அச்சான தொகுதிகளையே சேகரிப்பாளர்கள் அரிதாகக் கருதுகின்றனர். அத்தகைய கணக்கு இந்தியச் சேகரிப்பாளருக்குக் கிடைப்பதில்லை என்பதால், இங்கே 'அரிது' என்ற சொல் விற்பவரின் வாய்ச்சொல்லாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பழுது என்பது அச்சகத்தில் அன்றாடம் நேர்வது. ஆகவே நட்சத்திரத் தாள்களும் தொடர்ந்து அச்சாகின்றன. சாதாரணத் தாள்களைவிடக் குறைவு, அவ்வளவுதான். குறி இருப்பதால் மட்டும் மதிப்பு கூடாது. பின்புறத்தில் அச்சிட்ட ஆண்டு, ஆளுநரின் கையொப்பம், எண் பகுதியில் உள்ள உள்ளெழுத்து ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாளின் நிலை. பல கை மாறி நான்காய் மடிந்து, ஓரம் நைந்து, யாரோ பேனாவால் கணக்கெழுதிய 2016-க்குப் பிந்தைய 500 ரூபாயை எடுத்து வைப்பதில் பயனில்லை. அந்தப் பணம் வங்கியில் இருந்தால் வட்டியாவது வரும். மாறாக, ஒய். வி. ரெட்டி கையொப்பத்தோடு 2006 என்ற ஆண்டு தாங்கிய 10 ரூபாய் நட்சத்திரத் தாள் மடிப்பு விழாமல் கிடைத்தால், தயங்காமல் எடுத்து வைக்கலாம். முதல் ஆண்டு வெளியீடு அது. முடங்கும் முதலும் பத்து ரூபாய்தான். சுருக்கம் போக இஸ்திரி போடுவதும், தண்ணீரில் கழுவுவதும், லேமினேட் செய்வதும் இருக்கும் மதிப்பையும் கெடுத்துவிடும்.

2023-இல் இதற்கு நேர்மாறான பயம் ஒன்று கிளம்பியது. நட்சத்திரமிட்டவை கள்ள நோட்டுகள் என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவ, கடைக்காரர்கள் சிலர் வாங்கத் தயங்கினர். மற்றத் தாள்களைப் போலவே இவையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஜூலையில் விளக்கம் அளித்தது. எனவே வைத்திருக்கும் தாளுக்குச் சேகரிப்பாளர் கிடைக்காவிட்டாலும் முகமதிப்பு போகாது.

உண்மையான நட்டம் வேறு வழியில் வருகிறது. "உங்கள் தாளுக்கு லட்சக்கணக்கில் விலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய தாள், நாணய விற்பனைக்காகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்போரைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. அத்தகைய கொடுக்கல் வாங்கலில் அது ஈடுபடுவதில்லை. தன் சார்பில் பணம் வசூலிக்க எவருக்கும் அது அதிகாரம் அளிக்கவுமில்லை.