பெட்டியும் பாயும்

படை அதிகாரியாகப் பொறுப்பேற்ற மகனை முதல் பணியிடத்துக்கு வழியனுப்பும் வீட்டில் முந்தைய இரவு எவருக்கும் உறக்கம் வருவதில்லை. கறுப்பு டிரங்குப் பெட்டியின் மூடியில் பெயரும் எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதியாயிற்று. சீருடைகள் ஒருபுறம், படுக்கைச் சுருள் ஒருபுறம். தாய் திருக்குர்ஆனையும் தொழுகை விரிப்பையும் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறாள். பிறகு ஊறுகாய்ப் புட்டிக்கு இடம் தேடுகிறாள். பெட்டியோ மூட மறுக்கிறது. எதை எடுப்பது, எதை விடுப்பது? இதற்கு நம் உத்திரமேரூர், காஞ்சிப் பகுதியின் வரலாறே விடை வைத்திருக்கிறது.

குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்திரமேரூர், பதினெட்டாம் நூற்றாண்டில் படைகள் நடந்த வழியாகவும் இருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போருக்கு முன் ஆங்கிலத் தளபதி கூட்டின் படை இவ்வூருக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் படை நகர்ந்தால் ஓர் ஊரே நகர்ந்ததாகப் பொருள். கூடாரங்களும் பொதிமாடுகளும், சமையற்காரர்களும் சுமைதூக்கிகளும் பின்தொடர்வார்கள். போரிடுவோரைவிடச் சுமப்போர் தொகையே பெரிது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1780 ஜனவரியில், தாமஸ் மன்றோ என்ற பதினெட்டு வயது இளைஞர் கும்பினிப் படையில் சேரச் சென்னையில் வந்திறங்கினார். நற்சான்றுகளைக் காட்டி வேலைக்கு அமர்ந்த பணியாள் ஒருவன், சீமைத் துணிகள் இந்நாட்டு வெயிலுக்கு உதவா என்று சொல்லி, மாற்றித் தருவதாக வாங்கிக்கொண்டு போனான். போனவன் திரும்பவேயில்லை. கடல் கடந்து வந்த உடைமை கரையிலேயே கரைந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் பெய்லியின் படையை முறியடித்தனர். பீரங்கி ஓசை கேட்கும் தொலைவில் காஞ்சியில் இருந்த தளபதி ஹெக்டர் மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். அரும்பாடுபட்டு இழுத்து வந்த சுமை, ஆபத்து வந்ததும் எதிரியைவிடப் பெரிய தொல்லையாயிற்று. அந்தப் படையில் இளைஞர் தாமஸ் மன்றோவும் இருந்தார்.

பின்னாளில் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் அக்கால நிலையை விவரித்தார். மூன்று ஆண்டுகள் வரை புத்தகமோ தோட்டாப் பையோதான் அவருக்குத் தலையணை. குச்சிகளின்மேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணியே கட்டில். குளிர் வந்தால் மேற்சட்டையின் கைகளுக்குள் கால்களை நுழைத்துப் போர்வையாக்கிக்கொள்வார். 1820இல் சென்னை ஆளுநரானவர் இவரே. நம் நாட்டை வென்ற கும்பினியின் ஊழியர்தாம். எனினும் படிப்பினை யாரிடமிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதே.

நம் சமுதாயத்திலேயே இதனினும் உயர்ந்த சான்று உண்டு. பிரிகேடியர் முகம்மது உஸ்மான் பலூச் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். 1947இல் நாடு பிரிந்தபோது அந்த ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவரோ இந்தியாவிலேயே இருக்க உறுதிபூண்டு டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாறினார். அவ்வாண்டு டிசம்பரில் காஷ்மீரின் ஜங்கர் பறிபோயிற்று. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் செய்து, கடுங்குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். 1948 மார்ச்சில் ஜங்கர் மீண்டது. அன்று அவர் படுக்கக் கட்டிலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜூலை 3ஆம் நாள் ஜங்கரிலேயே குண்டு பாய்ந்து வீழ்ந்தார். மகாவீர் சக்கர விருது பெற்ற அவர், டில்லி ஜாமியா மில்லியா வளாகத்தில் அடங்கியுள்ளார்.

அண்ணலார் (ஸல்) அவர்களின் திருமேனியில் பாயின் தழும்பு பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்த வரலாற்றை நாம் அறிவோம். பாரசீக, ரோம வேந்தர்கள் இன்பத்தில் திளைக்கிறார்களே என்று அவர்கள் வருந்த, அவர்களுக்கு இம்மை, நமக்கு மறுமை என்பதே அண்ணலாரின் மறுமொழியாக இருந்தது.

ஆகவே, தாய்மார்களே, பெட்டி மூடவில்லையென்றால் கலங்க வேண்டாம். ஒன்றிரண்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஊறுகாய் தீர்ந்துபோகும், சீருடை நைந்துபோகும். இல்லாமையிலும் தளராத நெஞ்சை மகனுக்குக் கொடுத்திருந்தால், அதற்குப் பெட்டியில் இடம் தேட வேண்டியதில்லை.