எங்கே பொழியும் பனி?

2015ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இரவு 11 மணி. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் சுரங்க இரயில் நிலையங்கள் பயணிகளுக்கு மூடப்பட்டன. 1904இல் ஓடத் தொடங்கிய அந்த இரயில்கள் பனியை முன்னிட்டு நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை. சாலைகளில் மோட்டார் வண்டிகள் செல்லக்கூடாதென ஆணை பிறந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. ஆயிரக்கணக்கில் விமானப் பயணங்கள் ரத்தாயின. இரண்டடி முதல் மூன்றடி வரை பனி பெய்யக்கூடும் என்று தேசிய வானிலைத் துறை அறிவித்திருந்தது. நகரின் வரலாற்றிலேயே மிகப் பெரிய பனிப்புயல்களுள் ஒன்றாக இது அமையக்கூடும் என்று மேயரும் எச்சரித்திருந்தார்.

பொழுது விடிந்தது. ஆணைகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. புயல் ஓய்ந்தபின், நகரின் நடுவேயுள்ள சென்ட்ரல் பார்க்கில் எடுத்த அளவு மொத்தம் 9.8 அங்குலம். குளிர்காலம்தோறும் பனியில் நடந்து பழகிய நியூயார்க் மக்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. “இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

ஆனால் புயல் பொய்க்கவில்லை. நகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 50 மைல் தொலைவில், லாங் தீவிலுள்ள ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம் பனி விழுந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 34.5 அங்குலம், அவ்வூர் அதுவரை கண்டிராத அளவு. புயல் வந்தது, வலுவும் குறையவில்லை. எதிர்பார்த்ததைவிடச் சிறிது கிழக்கே தள்ளிப் போனது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நியூயார்க்குக்குக் கணிப்பு வழங்கும் வானிலை அலுவலகம் லாங் தீவின் அப்டன் என்னும் இடத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியில் இரண்டடிப் பனி கிடந்தது!

கணிப்பொறிகளும் செயற்கைக் கோள்களும் நிறைந்த காலத்தில் இப்படி நேரலாமா? இதற்கு விடைகாண, அந்தக் கடற்கரையின் அமைப்பையும் அங்கு முன்னர் வீசிய சில புயல்களையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கடலுக்கும் மலைக்கும் நடுவே

பனி என்றதும் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான் நமக்கு நினைவுக்கு வரும். இது அதுவன்று. மேகத்திலே நீராவி நுண்ணிய படிகங்களாக உறைந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டி, வழியில் உருகாமல் தரைவரை வந்து சேர்வதே வெண்பனி. சராசரியாக, ஓர் அங்குல மழைக்குரிய நீர் வெண்பனியாக விழுந்தால் பத்து அங்குல உயரத்துக்குக் குவியும். ஆகவே, நீரின் கணக்கில் ஓர் அங்குலம் பிசகினால் தெருவில் பத்து அங்குலம் பிசகும். வானிலை அறிஞரின் சங்கடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் நிற்கிறது; கிழக்கே கடலில் வளைகுடா நீரோட்டம் வெதுவெதுப்பாக ஓடுகிறது. கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று, அணை கட்டினாற்போல மலைக்கும் கடலுக்கும் இடையே தேங்கி நிற்கும். கடல்மேல் வெம்மையும் ஈரமும் மிக்க காற்று. இவ்விரண்டும் உரசும் எல்லையில், மேலே பல மைல் உயரத்தில் விரையும் ‘ஜெட்’ காற்றோட்டத்தின் துணையும் கிடைத்துவிட்டால், காற்றழுத்தத் தாழ்வு ஒன்று பிறந்து சில மணி நேரத்தில் பெரும்புயலாக வலுத்துவிடும். இடஞ்சுழியாகச் சுழலும் இப்புயலின் காற்று கரையோர ஊர்களுக்கு வடகிழக்கிலிருந்து வருவதால், அவ்வூரார் இதை ‘நாரீஸ்டர்’ என்கிறார்கள்.

புயலின் மையம் கரையை ஒட்டி வந்தால் கடலின் வெப்பக் காற்று உள்ளே புகுந்து பனி மழையாகிவிடும். மையம் கடலுக்குள் விலகிப் போனாலோ பனி மீன்களுக்குத்தான்! இரண்டுக்கும் இடைப்பட்ட பாதையில் வந்தால் மட்டும், மையத்துக்கு வடமேற்கே ஒரு பட்டையில் பனி கொட்டித் தீர்க்கும். அந்தப் பட்டையின் விளிம்பு சில வேளைகளில் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். வாஷிங்டன், ஃபிலடெல்பியா, நியூயார்க், பாஸ்டன் ஆகிய மாநகரங்களோ இந்தக் கரையோரமாகவே வரிசையில் அமைந்திருக்கின்றன.

1888ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க்கைத் தாக்கிய புயல் எச்சரிக்கையின்றியே வந்தது. ஞாயிறு பெய்த மழை நள்ளிரவுக்குப் பின் பனியாக மாறியது. நகரில் 21 அங்குலம்; காற்று அதை வீடுகளின் மாடிவரை குவித்தது. அக்கரையோரம் முழுவதிலுமாக 400 பேருக்கு மேல் மாண்டனர். தந்திக் கம்பிகள் அறுந்ததால் பக்கத்து நகரில் என்ன நடக்கிறது என்பதும் தெரியவில்லை. கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்கவும் சுரங்க இரயில் அமைக்கவும் தூண்டிய காரணங்களுள் அப்புயலும் ஒன்று. பனிக்கு அஞ்சி மண்ணுக்குள் போன இரயில்தான் 2015இல் வராத பனிக்காக நின்றது.

சில மணி நேரத் தாமதம்

கணிப்பு சரியாக இருந்தும் மக்கள் மாண்ட கதையும் உண்டு. 1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. வளிமண்டலத்தை நூறு மைல் அளவிலான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் ‘எல்.எஃப்.எம்.’ என்ற கணிப்பொறி முறை அப்போது வழக்கில் இருந்தது. பாஸ்டனை நோக்கிப் பெரும் பனிப்புயல் வரும் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிட்டது. அக்காலத்தில் அது பெரிய சாதனை. விடியுமுன்னரே பனி தொடங்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

காலையில் மக்கள் சன்னலைத் திறந்து பார்த்தனர். பனியைக் காணோம். ‘வழக்கம்போல் தப்புக் கணக்கு’ என்று எண்ணி வேலைக்குக் கிளம்பிவிட்டனர். முற்பகல் கழியும் வேளையில் பனி தொடங்கியது, தொடங்கியபின் நிற்கவில்லை. பிற்பகல் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்ப முயன்றபோது, நகரைச் சுற்றிச் செல்லும் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,000க்கு மேற்பட்ட கார்கள் சிக்கிக்கொண்டன. காரின் பின்னே புகைக்குழாயைப் பனி அடைத்துவிட, கதகதப்புக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருந்தவர்களில் சிலர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தனர். பாஸ்டனில் 27.1 அங்குலப் பனி. வட்டாரம் முழுவதிலும் ஏறத்தாழ நூறு உயிர்கள் போயின. அவற்றுள் சிலவற்றையேனும், பனி சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் காத்திருக்கலாம்.

‘பனி உண்டு, ஆனால் தொடங்கும் நேரம் ஐந்தாறு மணி முன்பின் ஆகலாம்’ என்ற செய்தி அம்மக்களுக்கு எட்டியிருந்தால்? இந்தக் கேள்விக்கு வருவதற்குமுன் இன்னொரு புயலையும் பார்த்துவிடுவோம்.

ஓராண்டு கழித்து, 1979 பிப்ரவரி 18, 19ஆம் நாட்களில் வாஷிங்டனில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சில அங்குலப் பனியையே எதிர்பார்த்திருந்த தலைநகரில் ஏறத்தாழ 19 அங்குலம் விழுந்தது. அப்போது விளைபொருள்களுக்கு உரிய விலை கேட்டு ஆயிரக்கணக்கான உழவர்கள் டிராக்டர்களோடு அங்கே முகாமிட்டிருந்தனர். நகரின் போக்குவரத்துக்கு இடையூறு என்று ஏசப்பட்ட அதே டிராக்டர்கள்தாம் பனியில் சிக்கிய வண்டிகளை இழுத்து வெளியேற்றின.

தோல்வியைப் பயின்றவர்

இந்தத் தவற்றை அறிஞர்கள் துருவி ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர், அந்நாளில் நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் பணியாற்றிய லூயி உச்செலினி. மேலே உயரத்திலிருந்து உலர்ந்த படைமண்டலக் காற்று கீழிறங்கியதும், தரைக்குச் சற்று மேலே ஈரக்காற்று ஆறுபோல் கரைநோக்கிப் பாய்ந்ததும், நீராவி குளிர்ந்தபோது வெளிப்பட்ட உள்ளுறை வெப்பமும் ஒன்றையொன்று தூண்டிப் புயலை வளர்த்தன என்று அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். நூறு மைல் கட்டங்களைக் கொண்ட கணிப்பொறி முறையின் கண்ணுக்கு இந்த நுட்பங்கள் தப்பிவிட்டன. பால் கோசின் என்பவருடன் சேர்ந்து, வடகிழக்குக் கரையின் பனிப்புயல்களைப் பற்றி உச்செலினி பெரிய நூல்களே எழுதினார்.

அப்படியானால் கட்டங்களைச் சிறிதாக்கினால் போதுமா? போதாது. பாஸ்டனுக்கு அக்கரையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில், எட்வர்டு லாரன்ஸ் 1961இலேயே இதற்கு விடை கண்டிருந்தார். வானிலையைப் போன்ற சில சமன்பாடுகளைக் கணிப்பொறியில் ஓட்டிக்கொண்டிருந்த அவர், 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கி இட்டார். சற்றுநேரம் பழைய விடையை ஒட்டியே சென்ற கணக்கு, பின்னர் முற்றிலும் வேறு வழியில் போய்விட்டது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு! கடலின் நடுவே ஒவ்வொரு மைலிலும் வெப்பமானி வைக்க யாராலும் முடியாது. எனவே தொடக்க நிலையில் சிறுபிழை என்றும் இருக்கும். நாட்கள் செல்லச் செல்ல அது பெருகும்.

இதிலிருந்து ஓர் அழகான வழி பிறந்தது. பிழையை ஒழிக்க முடியாதென்றால் அளந்துவிடுவோமே! தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளை ஒருசேர ஓட்டுவது; அவை ஒன்றுபட்டால் துணிந்து சொல்வது; சிதறினால் ஐயத்தைச் சொல்வது. 1992இல் இந்தக் குழுக்கணிப்பு முறை அமெரிக்காவிலும் ஐரோப்பிய நடுத்தூர வானிலை மையத்திலும் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் வீசிய மாபெரும் புயல் ஐந்து நாட்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. பனி விழுமுன்னரே சில மாநில ஆளுநர்கள் நெருக்கடி நிலையை அறிவித்தார்கள். எல்லாம் கைவந்துவிட்டதென்று நினைத்திருக்க, 2000 ஜனவரி 25இல் ஒரு புயல் கணிப்பை ஏமாற்றி உள்நாட்டுப் பக்கம் சாய்ந்தது. வட கரோலினாவின் ராலே நகரில், பனி அரிதான அவ்வூரில், 20.3 அங்குலம்!

மீண்டும் 2015

அந்த ஜனவரியில் ஐரோப்பியக் கணிப்பு நியூயார்க்குக்குப் பெரும்பனி என்றது. அமெரிக்காவின் ‘ஜி.எஃப்.எஸ்.’ கணிப்பு அவ்வளவு இல்லை என்றது. 2012இல் சாண்டிப் புயலின் பாதையை முதலில் சரியாகச் சொன்னது ஐரோப்பிய முறைதான் என்பதால் அதன்மேல் நம்பிக்கை மிகுந்திருந்தது. ஆக, அலுவலகத்துக்குள்ளே ஐயம் இருந்தது. வெளியே போன செய்தியில் எண் மட்டுமே பெரிதாக நின்றது.

ஓரடி அளவுக்கு எதிர்பார்க்கப்பட்ட ஃபிலடெல்பியாவில் ஓரிரு அங்குலமே விழுந்தது. அப்பகுதிக்கான வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி ஷட்கோவ்ஸ்கி அன்றிரவே பொதுமக்களிடமும் அதிகாரிகளிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தேசிய வானிலைத் துறையின் இயக்குநர் மறுநாள் செய்தியாளர்களிடம் பேசினார். கணிப்பிலுள்ள ஐயத்தை இன்னும் தெளிவாக மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அந்த இயக்குநர் வேறு யாருமல்லர். 1979ஆம் ஆண்டுப் புயலைத் துருவி ஆராய்ந்த அதே உச்செலினிதான்.

இரயிலை நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். 128ஆம் எண் நெடுஞ்சாலையை நினைத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் ‘இரண்டடிக்குக் குறையாது’ என்று கேட்டுக்கொண்ட குடும்பத்தலைவி, அடுத்த எச்சரிக்கையை எப்படிக் கேட்பாள் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும் அன்றோ? ‘மிகக் குறைந்தால் இவ்வளவு, மிக மிஞ்சினால் இவ்வளவு, பெரும்பாலும் இவ்வளவு’ என்று மூன்று வரைபடங்களை அருகருகே காட்டும் வழக்கத்தைச் சில அலுவலகங்கள் அப்போதே சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தன. பின்னர் அது பரவியது.

சரியாக ஓராண்டு கழிந்தது. 2016 ஜனவரி 23. வாஷிங்டனுக்குப் பெரும்புயல் என்பது ஒரு வாரம் முன்னரே தெரிந்துவிட்டது. நியூயார்க் மட்டும் பனிப்பட்டையின் வட விளிம்பில் இருந்தது. நகரில் ஓரடி விழுந்தால் மிகுதி என்றே முதலில் கருதினார்கள். பனி பெய்து கொண்டிருக்கையிலேயே கணிப்பை ஒருமுறை உயர்த்தினார்கள், மீண்டும் உயர்த்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் மொத்த அளவு 27.5 அங்குலம் எனப் பதிவானது. 1869இல் அங்கே பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து ஒரே புயலில் விழுந்த மிகப் பெரும் பனி அதுதான்.