நாள் குறிக்காத பலகை

2001 பிப்ரவரி இறுதியில் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வயல் வாயில்கள்தோறும் அறிவிப்புகள் தொங்கின. கோமாரி நோய் பரவுவதால் இப்பாதை மூடப்பட்டிருக்கிறது, மீறி நடப்போருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படும் என்பது அவற்றின் சாரம். அம்மாதம் 20-ஆம் தேதி நோய் உறுதிசெய்யப்பட்டது. 27-ஆம் தேதியே, நோய் தாக்காத இடங்களிலும் பாதைகளை மூடும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு அளிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் நாட்டின் பெரும்பகுதியில் வயல்வழிகளும் மலைவழிகளும் ஆளரவமற்றுப் போயின.

கால்நடைகளைக் காப்பதற்காகச் சில ஒற்றையடிப் பாதைகளை மூடியதில் வரலாறு என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். நம் ஊர்களில் பிறர் வயலின் வரப்பில் நடப்பது பெரும்பாலும் வழக்கத்தையும் உடையவரின் இசைவையும் சார்ந்தது. இங்கிலாந்தில் அப்படியன்று. தனியார் நிலத்தின் நடுவே செல்லும் பாதையாயினும், அது பொதுவழி என நிலைபெற்றுவிட்டால் அதில் நடப்பது எவர்க்கும் உரிமை. நிலம் கைமாறினாலும் அவ்வுரிமை மாறாது. ஒருமுறை பொதுவழி எனில் என்றைக்கும் பொதுவழி என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இத்தகைய வழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீள்கின்றன. 2001-இல் மூடப்பட்டது, இரு நூற்றாண்டுகளாகப் போராடிக் காத்த ஓர் உரிமை.

அப்போராட்டத்தின் தொடக்கமும் ஒரு மூடலிலேயே இருக்கிறது. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாகிக்கொண்டிருந்த காலத்தில், 1815-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தேவையற்றது எனத் தாம் கருதும் பாதையை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து மூடிவிடலாம் என்றது. அந்நீதிபதிகள் பெரும்பாலும் நிலக்கிழார்கள். ஒருவர் நிலத்துப் பாதையை மற்றவர் தேவையற்றதென அறிவிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. இதை எதிர்த்தே 1824-இல் யார்க் நகரிலும் 1826-இல் மான்செஸ்டரிலும் பழம்பாதைகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. ஆலைப் புகையில் ஆறு நாள் உழைத்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையின் வயல்வழி எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

1896-இல் போல்டன் நகரை அடுத்த விண்டர் ஹில் என்னும் குன்றின் பாதையை அதன் உடைமையாளர் அடைத்தார். தாம் வேட்டையாடும் பறவைகளுக்கு மக்கள் நடமாட்டம் இடையூறு என்பது அவர் தரப்பு. அவ்வாண்டு செப்டம்பரில் ஆயிரக்கணக்கான நகரமக்கள் அணிவகுத்துச் சென்று வாயிலைத் தகர்த்து உள்ளே நடந்தார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. மக்கள் தோற்றார்கள். அப்பாதை முறைப்படி பொதுவழியானது 1996-இல். ஒரு மனிதர் பூட்டிய வாயில் சட்டத்தின் கண்ணில் திறக்க நூறு ஆண்டுகள் ஆயின.

1932 ஏப்ரல் 24-இல் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் நிகழ்ந்தது இன்னும் புகழ்பெற்றது. க்ரௌஸ் என்னும் பறவை வேட்டைக்கென ஒதுக்கப்பட்டிருந்த அந்நிலத்தில், இருபது வயது பென்னி ராத்மன் முன்செல்ல, சில நூறு தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். அத்துமீறி நடப்பது தன்னளவில் குற்றமன்று. எனவே காவலர்களுடன் ஏற்பட்ட கைகலப்பைக் காட்டிக் கலகக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு, ஐந்து பேர் சிறை சென்றார்கள். தண்டனையின் கடுமை பொதுமக்களின் அனுதாபத்தை நடப்போர் பக்கம் திருப்பியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வழிசெய்ததோடு, பொதுவழிகள் அனைத்தையும் வரைபடத்தில் பதிவுசெய்யும் கடமையையும் உள்ளாட்சிகளுக்கு விதித்தது. 2000 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டமோ மலை, மேட்டுநிலம், புதர்வெளி, பதிவுபெற்ற பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் கால்நடையாக உலவலாம் என்றது.

அச்சட்டத்தில் நம்மை ஈர்ப்பது, அது அனுமதிக்கும் தடைகளின் நுணுக்கம். நில உடைமையாளர் தம் நிலத்தை இந்த உலாவுரிமைக்கு ஆண்டுக்கு 28 நாட்கள் மட்டும் தம் விருப்பப்படி மூடலாம். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, அரசு விடுமுறை நாட்களில் மூடலாகாது. சனி, ஞாயிறுகளில் ஆண்டுக்கு நான்கு நாட்களுக்கு மேல் மூடலாகாது. உழைப்பவன் நடக்கவரும் நாள் எது என்பதைச் சட்டம் அறிந்து வைத்திருக்கிறது. தடையே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. தடைக்கு ஓர் அளவு வேண்டும் என்றே சொல்கிறது.

இச்சட்டம் இயற்றப்பட்டு மூன்று மாதங்கள் ஆவதற்குள் கோமாரி வந்தது. நடைபயணிகள் முரண்டுபிடிக்கவில்லை. நடைபயணச் சங்கங்களே தம் நடைகளை நிறுத்திவைத்தன. ஊர் எரியும் வேளையில் உரிமை பேசுவது அழகன்று என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அது உண்மையான பேரிடர்தான். செப்டம்பர் 30-இல் இறுதி நோய்த்தொற்று உறுதியாவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

ஆனால் மூடுவதற்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. திறப்பதற்குத்தான் வழி வகுக்கப்படவில்லை. நோய் அணுகாத வட்டாரங்களிலும் பாதைகள் மூடியே கிடந்தன. திறக்கலாம் என்று மைய அரசு பின்னர் ஊக்கியபோதும், எந்த ஆபத்தும் தம் தலையில் விழலாகாது என்று உள்ளாட்சிகள் தயங்கின. விருந்தினரை நம்பிய சிற்றூர் விடுதிகளும் கடைகளும், ஆடுமாடு எதுவும் வளர்க்காமலே, நோயின் விலையைக் கொடுத்தன. 2002-இல் வெளிவந்த இயன் ஆண்டர்சனின் விசாரணை அறிக்கை, பாதைகளை ஒட்டுமொத்தமாக மூடியதைத் தவறு என்றே கணித்தது. 2007-இல் சர்ரே மாவட்டத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது நாடு தழுவிய மூடல் இல்லை. தடை நோய்ப்பகுதியோடு நின்றது.

இந்த வரலாற்றில் நாம் காண்பது ஒன்று. விண்டர் ஹில்லில் பாதையை மூடியவரின் நோக்கம் வேறு, 2001-இல் மூடிய அரசின் நோக்கம் வேறு. முன்னது தன்னலம், பின்னது பொதுநலம். இருப்பினும், எப்போது திறக்கும் என்பதை இரண்டுமே சொல்லவில்லை. நல்ல காரணத்துக்காக எழுந்த தடையும், முடிவு நாள் இல்லையெனில், தீய காரணத்துக்காக எழுந்ததைப் போலவே நீண்டுவிடக்கூடும்.

இன்று அங்கே பாலம் பழுதுபார்க்கவோ மண்சரிவை நீக்கவோ ஒரு நடைவழியைத் தற்காலிகமாக மூடுவதற்கு ஆணை பிறப்பித்தால், பொதுவாக ஆறு மாதமே அதற்கு வரம்பு. நீட்டிக்க வேண்டுமெனில் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். வாயிலில் ஒட்டப்படும் அந்தச் சிறு தாளில் காரணம், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்நாள் வரை என்பவை இருக்கும். படிப்பவர் சற்றுச் சலித்துக்கொண்டு வேறு வழியில் திரும்பக்கூடும். அந்தத் தேதி அங்கே இருப்பதற்காக எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் சிறை சென்றார்கள் என்பதைத் தாள் சொல்வதில்லை.