நீரா, உப்பா? நீர்க்கோவை மருத்துவத்தின் வரலாறு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்புக் குறைந்த சிறுநீர் ஆபத்தின் அறிகுறியாகலாம் என்பதோ இந்நாளைய இதய மருத்துவம் கண்ட உண்மை. இவ்வுண்மையை அடைய மருத்துவ உலகிற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

கால்கள் வீங்கி, வயிறு பருத்து, படுத்தால் மூச்சு முட்டும் நோயை நீர்க்கோவை என்பர். உடலில் நீர் மிகுவதே நோய், அதனை வெளியேற்றுவதே மருந்து என்று முற்காலத்தார் கருதினர். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர் 1775-ஆம் ஆண்டில், ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தி இரகசியமாக வைத்திருந்த நீர்க்கோவை மருந்தைப் பற்றிக் கேள்வியுற்றார். பல மூலிகைகள் சேர்ந்த அக்கலவையில் பயன் தருவது ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியே என்று தெளிந்தார். பத்தாண்டு அனுபவத்தை 1785-இல் நூலாக வெளியிட்டார். சிறுநீர் பெருகுவதையே மருந்து பலித்ததற்கு முக்கிய அடையாளமாகக் கொண்டார். வழிகாட்டிய மூதாட்டியின் பெயரை அந்நூல் கூறவில்லை.

நீருக்குப் பின்னே உப்பு நிற்பதைப் பாரிஸ் மருத்துவர் ஃபெர்னான் விடால் 1903-இல் விளக்கினார். சிறுநீரக நோயாளிகளின் உணவில் உப்பைக் கூட்டியபோது வீக்கம் ஏறியது, நீக்கியபோது வடிந்தது. உப்பு இருக்கும் இடத்தில் நீரும் தங்கும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1919-இல் வியன்னா நகரில் ஆல்பிரட் வோகல் என்னும் மருத்துவ மாணவர், மேகநோய்க்கான பாதரச ஊசி சிறுநீரைப் பெருக்குவதைத் தற்செயலாகக் கண்டார். பாதரசம் நஞ்சாயினும், வேறு வழியின்மையால் பல்லாண்டுக் காலம் அதுவே வழங்கிற்று. 1960-களில் ஃபுரோசமைட் வந்தது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் உப்பைத் திரும்ப உறிஞ்சாதவாறு அது தடுக்கிறது. வெளியேறும் உப்போடு நீரும் செல்கிறது.

இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டதென மயங்கியதுபோல், அது உப்பை விடாமல் சேமிக்கிறது. ஃபுரோசமைட் ஊசி போட்ட பின்னரும் அப்பிடி தளரவில்லையெனில் நோய் கடுமையானது என்க. சிறுநீர் பாத்திரம் நிறைந்தது கண்டு மகிழ்வது போதாது. அதில் உப்பு எவ்வளவு என்பதே கேள்வி. சோடியம் தீயில் மஞ்சளாக ஒளிரும். அவ்வொளியைக் கொண்டு அதனை அளக்கும் கருவிகள் 1940-களில் பரவத் தொடங்கியதால் இக்கேள்விக்கு எளிதில் விடை காண இயன்றது.

ஊசி போட்ட 2 மணி நேரத்தில், ஒரு லிட்டர் சிறுநீரில் சோடியம் 50 முதல் 70 மில்லிமோலுக்குக் குறைந்திருப்பின் மருந்து போதவில்லை என ஐரோப்பிய அறிஞர்கள் 2019-இல் வரையறுத்தனர். 2021-இல் ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுநெறியிலும் இம்முறை இடம்பெற்றது. சோடியம் குறைந்தோரிடையே மரணமும் நோய் முற்றுதலும் மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயின், அடையாளத்தை அறிந்து மருந்தைக் கூட்டினால் ஆயுள் நீளுமா? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 310 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டு, 2023-இல் முடிவு வெளிவந்தது. சோடியம் பார்த்து மருந்து பெற்றோர் 24 மணி நேரத்தில் 409 மில்லிமோல் சோடியத்தை வெளியேற்றினர், மற்றையோர் 345. எனினும் 180 நாட்களுக்குள் இறந்தோரும் இதயத்தளர்ச்சியால் மீண்டும் மருத்துவமனை சேர்ந்தோரும் இரு சாராரிலும் 31 விழுக்காடே.

இதனால் அச்சோதனை வீண் என்று கொள்ளலாகாது. மருந்து பற்றவில்லை என்பதை மறுநாள்வரை காத்திராமல் இரண்டே மணி நேரத்தில் அது அறிவிக்கிறது. வீக்கம் வடியாமலே நோயாளி வீடு திரும்பும் அபாயத்தைக் குறைக்க அவ்வறிவு உதவும். ஆனால், உப்பை வெளியேற்றுவது வேறு. தளர்ந்த இதயத்தைத் தேற்றுவது வேறு. மூதாட்டியின் மூலிகையில் தொடங்கிய தேடல் இன்னும் முற்றுப்பெறவில்லை.