ஏடும் படச்சுருளும்

வீட்டில் ஒரு நூல் இருக்க, அந்நூலின் புதிய பதிப்பு வெளிவந்துள்ளது என்று கேட்டவுடன் நூலன்பர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். முன்னரே பொருள் கொடுத்து வாங்கியதை மீண்டும் வாங்குவதா, உள்ளதே போதுமென்று இருந்துவிடுவதா? இவ்வையம் நூல்களுக்கே உரியதாய் இருந்த காலம் ஒன்று உண்டு. திரைப்படம் கொட்டகையை விட்டு வீட்டு அலமாரிக்குள் வந்து சேர்ந்த பின்னர் அதற்கும் இஃது உரியதாயிற்று. நாடாவாக வாங்கிய படத்தை விசிடியாகவும், விசிடியாக வாங்கியதை டிவிடியாகவும், பின்னர்ப் புளூ-ரேயாகவும், அதன் பின்னர் 4கே தகடாகவும் வாங்குமாறு வணிகர் அழைத்தவண்ணம் இருக்கின்றனர். மாத ஊதியத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு இது சிறு வினா அன்று. ஆயினும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஓரளவு அறிந்தவர்க்கு இதன் விடை அரிதும் அன்று என்பது என் துணிபு.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டது 1887ஆம் ஆண்டில். முன்பணம் தந்து கையொப்பமிட்ட அன்பர்களின் துணையால் அந்நூல் வெளிவந்தது. 1907இல் அதன் இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. சிலப்பதிகாரம் 1892, 1920, 1927 ஆகிய ஆண்டுகளிலும், புறநானூறு 1894, 1923, 1935 ஆகிய ஆண்டுகளிலும் அவர் கையால் மும்முறை பதிப்புக் கண்டன. 1887ஆம் ஆண்டுப் படியைப் பெட்டியில் வைத்திருந்த ஒருவர் 1907இல் என் செய்திருக்க வேண்டும்? தாள் வெண்மை, கட்டடம் புதிது என்பதற்காக வாங்கியிருப்பின் அது வீண் செலவே. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஐயரவர்கள் மேலும் பல ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பெற்றார், பாடங்களை ஒப்புநோக்கினார், குறிப்புகளைப் பெருக்கினார். ஆகவே இரண்டாம் பதிப்பு முதற்பதிப்பின் மறு அச்சு அன்று. மூலத்தை மீண்டும் சென்று கண்ட பதிப்பு. புதியது மூலத்தை நோக்கி ஓரடியேனும் நெருங்கியதா, அன்றி அதனை அடைத்துத் தரும் கலம் மட்டும் மாறிற்றா என்று கேட்பதே இங்கு உரைகல்.

திரைப்படத்திற்கு ஏட்டுச் சுவடி எது எனின், காமிராவினுள் ஓடிய நெகட்டிவ் சுருளே ஆகும். அதிலிருந்து ஒரு படி, அப்படியிலிருந்து மற்றொரு நெகட்டிவ், அதிலிருந்து கொட்டகைக்குச் செல்லும் படி என்று தலைமுறைகள் இறங்கும். ஏடெழுதுவோர் கைப்பிழை படிதோறும் பெருகுவது போல, இங்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் நுண்மை குறையும். நம் வீட்டுத் தகடுகள் பல, கொட்டகைதோறும் ஓடித் தேய்ந்த கடைசித் தலைமுறைப் படியிலிருந்து எடுக்கப்பட்டவை. கோடு விழுந்த முகமும் கரகரத்த ஒலியும் இதன் விளைவு.

கலங்களின் வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். நம் நாட்டில் 1980களில் வி.எச்.எஸ். நாடா பரவிற்று. அதனை ஓட்டும் கருவி செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் அத்தொழிலை நிறுத்தியது. 1990களில் வந்த விசிடியின் ஒரு சட்டத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் புள்ளிகள். டிவிடியில் நான்கு இலட்சம். புளூ-ரேயில் இருபது இலட்சத்துக்குச் சற்று மேல். 4கே தகட்டில் எண்பத்து மூன்று இலட்சம் அளவு. 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடி ஒன்றை 28 ரூபாய்க்கும் டிவிடி ஒன்றை 34 ரூபாய்க்கும் தமிழகத்தில் விற்கத் தொடங்கியபோது, எளியோர் வீட்டிலும் ஒரு படச்சாலை அமைந்தது. ஒரு தேநீரும் வடையும் உண்பதைத் தவிர்த்தால் ஒரு படம் கைக்கு வரும் என்ற நிலையில், மீண்டும் வாங்கலாமா என்று எவரும் நின்று சிந்திக்கவில்லை. சிந்திக்க வேண்டிய நாள் பின்னர் வந்தது. இன்று நல்ல பதிப்பு ஒன்று சில ஆயிரம் ரூபாய்.

புள்ளிகளின் எண்ணிக்கை ஏறுவதனால் மட்டும் பதிப்பு உயர்ந்துவிடாது. தேய்ந்த படியினை எண்பத்து மூன்று இலட்சம் புள்ளிகளில் பதித்தால், தேய்வுதான் தெளிவாகத் தெரியும். இதனை உணர்தற்குக் கொல்கத்தாவில் வாழும் நமக்கு இந்நகரத்திலேயே தக்க சான்று ஒன்று உண்டு. அது சத்யஜித் ராய் இயக்கிய அபு முப்படங்களின் கதை.

மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் முடிக்கப்பெற்ற 'பதேர் பாஞ்சாலி' 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கல்கத்தாவில் திரையிடப்பட்டது. 'அபராஜிதோ' 1956இலும், 'அபுர் சன்சார்' 1959இலும் தொடர்ந்தன. உலகம் போற்றிய இம்மூன்றின் நெகட்டிவ்களும் இந்நகரின் வெப்பத்திலும் ஈரத்திலும் நலிந்து கிடந்தன. 1992இல் அமெரிக்கத் திரைப்பட அகாதமி ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. விழாவில் காட்டுதற்கு அவருடைய படங்களின் நல்ல படிகளைத் தேடியவர்களுக்கு அவை எளிதில் கிடைக்கவில்லை. விருது அறிவித்த கைகளுக்கே படம் அகப்படாத அந்நிலைதான் அவற்றைக் காக்கும் முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ராய் மறைந்தார். பின்னர் நெகட்டிவ்கள் இலண்டனிலுள்ள ஹெண்டர்சன்ஸ் படத்தொழிற்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. 1993ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்குத் தீப்பிடித்தது. காத்தற்கென்று கடல் கடந்து சென்றவை அங்கே கருகின.

நம்மவர் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியும், கரையான் தின்ற செய்தியும் படித்த நெஞ்சிற்கு இது புதிய துயரம் அன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எரிந்து உருகிய சுருள்களையும் துண்டுகளையும் குப்பையில் எறியாமல் அகாதமி தன் காப்பகத்தில் அப்படியே வைத்திருந்தது. அவற்றைத் தொட்டுப் படியெடுக்கும் கருவி அன்று எந்தக் கூடத்திலும் இல்லை. இருபது ஆண்டுகள் கழிந்தன. 2013 அளவில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அகாதமியுடன் கூடி இப்பணியை மேற்கொண்டது. இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரின் லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்னும் கூடத்திற்குச் சுருள்கள் சென்றன. காய்ந்து விறைத்த சுருளுக்கு மருந்து நீரால் மென்மை ஊட்டினர். பழைய ஒட்டுநாடாவின் பசையை அகற்றினர். உருகிச் சிதைந்த ஓரத் துளைகளைக் கையாலேயே மீண்டும் அமைத்தனர். ஏறக்குறைய ஆயிரம் மணிநேரக் கைவேலை அது. முடிவில் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 விழுக்காடும், 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டிற்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டன. 'அபுர் சன்சா'ருக்கு அப்பேறு கிட்டவில்லை. அதன் மூலச் சுருள்களில் எஞ்சியவை பயன்படும் நிலையில் இல்லை. ஆதலால் உலகக் காப்பகங்களில் இருந்த நல்ல படிகளைக் கொண்டு அது நிறைவு செய்யப்பட்டது. 2015 மே மாதம் நியூயார்க்கில் மூன்றும் திரையேறின. அவ்வாண்டிலேயே தகடுகளும் வந்தன.

சிதைந்த ஏட்டில் விட்டுப்போன அடிகளை வேறொரு சுவடி கொண்டு நிரப்பிய பதிப்பாசிரியர் பணிக்கும் இதற்கும் வேறுபாடு என்ன இருக்கிறது? எந்தப் பகுதி எந்தச் சுவடியிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகக் கூறிய நேர்மையும் இரண்டிடத்தும் உண்டு.

இனி, கண்ணுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். 'அபராஜிதோ'வில் காசிநகர் வீடு ஒன்று வருகிறது. அதன் முற்றம் காசியில் இல்லை. கல்கத்தா ஸ்டூடியோ ஒன்றில் பன்சி சந்திரகுப்தர் எழுப்பிய அரங்கம் அது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரர் முற்றத்தின் மேல் வெள்ளைத்துணியை விரித்து, விளக்குகளின் ஒளியை அதன்மீது பாய்ச்சி, அது திரும்பி வழியுமாறு செய்தார். நிழலே விழாத வானொளி கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தது. என்னிடமிருந்த விசிடியில் அம்முற்றம் ஒரு சாம்பல் திட்டு. ஃப்ரீ ஸ்கூல் தெருப் பழங்கடை ஒன்றில் பின்னர் வாங்கிய டிவிடியில் சுவரும் தரையும் வேறு வேறாயின. புதிய பதிப்பில்தான் படிப்படியாய் மங்கிச் செல்லும் அந்த ஒளி தெரிந்தது. மித்ரர் செய்த வேலையை நான் அன்றுதான் பார்த்தேன் எனலாம். இப்படி ஒரு பதிப்பு வருமாயின் மும்முறை வாங்கினும் அது இழப்பாகாது.

எல்லாப் புதிய பதிப்பும் இத்தகையன அல்ல. கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்கள் புகுந்தது போலத் திரைப்படத்திலும் இடைச்செருகல் உண்டு. சில வேளை ஆசிரியரே செருகுவதும் உண்டு. ஜார்ஜ் லூகாஸ் 1977இல் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை 1997இல் புதிய காட்சிகளும் மாற்றங்களும் சேர்த்து வெளியிட்டார். 2004இல் வந்த டிவிடியும் மாற்றிய வடிவமே. 1977ஆம் ஆண்டு வடிவம் 2006இல் ஓர் இணைப்புத் தகடாக மட்டும் வந்தது. பழையதைப் பரணில் போடாமல் வைத்திருந்தவனே அங்கு அறிவுடையவன். நம் நாட்டில் 1960இல் வந்த 'முகல்-ஏ-ஆசம்' படத்திற்கு 2004இலும், 1957இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' படத்திற்கு 2010இலும் முழு வண்ணம் பூசினர். கறுப்பு வெள்ளைக்கென்றே ஒளியமைத்த காட்சிக்கு வண்ணம் தீட்டுதல், கற்சிலைக்குச் சுண்ணாம்பு அடிப்பதனோடு ஒக்கும் என்பேன். மாறுபடுவோர் பலர் உளர். படச்சுருளுக்கு இயல்பான மணித்தன்மையைக் கணிப்பொறியால் துடைத்து முகங்களை மெழுகுபோல் ஆக்கிவிடுவதும், சதுரத்தை ஒட்டிய பழைய சட்டத்தை மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்குப் பொருத்துவதும் இவ்வகையினவே. ஆதலின் புதியது வாங்கியோர் பழையதை உடனே தள்ளிவிடுதல் தகாது. புதியதில் விடுபட்ட பாட்டொன்று பழையதில் இருக்கலாம். பாடவேறுபாடு என்று நாம் போற்றுவது அதனையன்றோ?

வாங்கத் துணிந்தபின் நடைமுறைத் தடை ஒன்றையும் கூறவேண்டும். டிவிடிக்கும் புளூ-ரேக்கும் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டு வைத்திருக்கின்றனர். இந்தியா டிவிடியில் 5ஆம் மண்டலம். புளூ-ரேயில் 'சி' மண்டலம். அமெரிக்கப் புளூ-ரேயோ 'ஏ' மண்டலத்துக்கு உரியது. வங்காளத்தில் பிறந்த படம் அமெரிக்கத் தகடாகத் திரும்பி வந்து வங்காளத்துக் கருவியில் ஓட மறுக்கும் விந்தை இதனால் நேர்கிறது. 4கே தகடுகளுக்கு இப்பூட்டு இல்லை. அபு முப்படங்கள் அவ்வடிவிலும் வந்துவிட்டன. மூலம் 2015இல் மீட்ட அதே மூலம். ஆகவே பூட்டில்லாத புளூ-ரே கருவி உடையோர் அதனை மீண்டும் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. அது இல்லாதோர்க்கே 4கே தகடு ஆகும்.

வாங்கலாமா என்று ஐயுறுவதற்கே ஒரு பேறு வேண்டும். 1930களில் தமிழ்ப் பேசும்படங்கள் பல இந்தக் கல்கத்தாவில்தான் எடுக்கப்பட்டன. கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் 1933இல் எடுத்த 'வள்ளி திருமணம்' இங்குள்ள பயனியர் ஸ்டூடியோவில் உருவாயிற்று. நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் நடிகரும் பக்கவாத்தியக்காரரும் இரயிலேறி ஹௌராவில் வந்திறங்கிய காலம் அது. அன்றைய சுருள் நைட்ரேட்டு. ஒரு பொறி பட்டால் வெடிமருந்து போல் எரியும். 1940இல் நியூ தியேட்டர்ஸில் நிகழ்ந்த தீவிபத்தில் நெகட்டிவ்கள் பல அழிந்தன. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு சட்டமும் ஓடிப் பார்க்கக் கிடைப்பதில்லை. அப்பத்தாண்டில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுவே. இவற்றிற்கு முதற்பதிப்பே இல்லை. இரண்டாம் பதிப்பைப் பற்றி எங்ஙனம் பேசுவது?

பிழைத்தது ஒன்று உண்டு. இந்நகரத்தோடு நெருங்கிய தொடர்புடைய நடனமேதை உதயசங்கர், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்னும் படத்தை எடுத்து 1948இல் வெளியிட்டார். ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத். இளம்பெண்ணாகப் பத்மினி முதன்முதல் திரையில் தோன்றியது அப்படத்தில். படம் பொருளீட்டவில்லை, பெரிதும் மறக்கப்பட்டது. 1977இல் உதயசங்கர் கல்கத்தாவில் மறைந்தார். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த படிகளைக் கொண்டு, மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை, அபு படங்களை மீட்ட அதே பொலோஞாக் கூடத்தில் அதனைச் செப்பனிட்டு 2012இல் கான் விழாவில் திரையிட்டது. 2022இல் தகடாயிற்று. ஆனால் தனியே விற்பதில்லை. வேறு நாட்டுப் படங்கள் ஐந்தோடு ஒரே பெட்டியில் கட்டி விற்கின்றனர். ஒன்று வேண்டுவோர் ஆறு வாங்கல் வேண்டும். பெட்டியின் விலையைக் கேட்டு இல்லத்தரசி, "ஆறில் ஐந்தை யாருக்கு விற்பீர்கள்?" என்றார். இன்னும் விடை கூறவில்லை. அடுத்த மாதம் அகவிலைப்படி நிலுவை வரவேண்டியிருக்கிறது.