செல்லும் காசு, செல்லும் சொல்

பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. நடத்துநர் கைநீட்ட மாட்டார். பெட்டிக்கடைக்காரர் "இது போகாதுங்க" என்று திருப்பிக் கொடுப்பார். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அதன் பிறகும் தயக்கம் உடனே விலகவில்லை. அடித்தது அரசாங்கம், முத்திரை உண்டு, எடையிலும் குறைவில்லை. ஆனால் நம்மிடமிருந்து அடுத்தவர் வாங்குவாரா என்ற ஐயம் புகுந்துவிட்டால் அது வெறும் தகடுதான். நாணயத்துக்கே நாணயம் போயிற்று.

தமிழருக்கு அந்தக் கடைசி வாக்கியம் விளக்கம் இல்லாமலே புரியும். காசுக்கும் குணத்துக்கும் நம்மிடம் ஒரே சொல். "கொடுக்கல் வாங்கல்ல நாணயமான ஆளு" என்று ஒருவரைப் பற்றி ஊரார் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம். நாணயஸ்தர், வாக்கு நாணயம், நாணயக் குறைவு, நாணயம் கெட்டவன் என்று அந்தச் சொல் கிளைத்திருக்கிறது. உலோகத் துண்டின் பெயர் மனிதக் குணத்தின் பெயராக எப்படி மாறியது?

சங்க நூல்களில் நாணயம் இல்லை. காசு, பொன், காணம் ஆகியவையே அன்று வழங்கின. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சில, புலவர் பெற்ற பரிசிலைக் காணத்தில் கணக்கிடுகின்றன. நாணயம் வடக்கிலிருந்து வந்தது. வடமொழியில் அது நாணகம். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் அச்சொல் வரும் இடம் கவனிக்கத்தக்கது. கள்ளக் காசு செய்பவனுக்குத் தண்டனை சொல்லும் அந்நூல், நல்ல காசைக் கள்ளக் காசு என்றும் கள்ளக் காசை நல்லது என்றும் சொல்லும் சோதனையாளனுக்கும் கடுமையான தண்டம் விதிக்கிறது. உயிரெழுத்துகளுக்கு இடையில் வரும் ககரம் பிராகிருதத்தில் தேய்ந்து யகரமாவது இயல்பு. லோக என்பது லோய ஆகும். நாணகம் நாணயமாகித் தமிழுக்குள் வந்தது அவ்வழியாகவே இருக்கலாம்.

நாணகத்துக்கும் ஒரு வேர் தேடியிருக்கிறார்கள். குஷாண அரசர் கனிஷ்கரும் ஹுவிஷ்கரும் வெளியிட்ட காசுகளில் நனா என்ற பெண்தெய்வம் காணப்படுகிறாள். மெசபடோமியாவின் உருக் நகரில் வழிபடப்பட்ட நனாயாவே இவள் வடிவில் மத்திய ஆசியா வழியாக வந்தவள். இவள் பெயரிலிருந்தே நாணகம் பிறந்தது என்பது அறிஞர் சிலரின் கருத்து. மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்தமான 'நா நயம்' என்ற பிரிப்பு கேட்க அழகானது. சொல்லின் வரலாற்றோடு அதற்கு உறவில்லை.

சொல் வெளியிலிருந்து வந்திருந்தாலும், காசைச் சோதிக்கும் கலை இங்கே முன்பே வேரூன்றியிருந்தது. பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே வண்ணக்கர் உண்டு: வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான், வண்ணக்கன் சோருமருங்குமரனார். தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் கிடைத்த சிறிய உரைகல் ஒன்றில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கடல் தாண்டிப் போன ஒரு பொற்கொல்லர் தம் உரைகல்லில் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். அந்நிய மண்ணில் பொன்னின் மாற்றை நிறுவ அவருக்குத் துணை அந்தக் கல்தான்.

உரைகல்லை மனிதர்மீது முதலில் வைத்துப் பார்த்தவர்களில் வள்ளுவர் முக்கியமானவர். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செயலே கட்டளைக்கல் என்று அவர் சொல்வது 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில். அங்கே தெளிதல் என்றால் நம்புதல். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் என்று அந்த அதிகாரம் முடிகிறது. நாணயம் என்ற சொல் குணப்பெயராக வேரூன்றுவதற்கு முன்பே அதன் பொருள் இங்கே தயாராக இருந்தது. உரசிப் பார்த்தபின்தான் நம்பிக்கை என்பது பொன்வணிகர் தெருவின் வழக்கம். அதை அரசியல் நூலுக்குள் கொண்டுவந்தவர் வள்ளுவர்.

காசின்மேல் நம்பிக்கை எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையல் சான்று. 1898இல் கிடைத்த அந்தக் குவியலில் ரோமானியப் பொற்காசுகள் 501. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு. தேய்ந்து எடை குறைந்தவற்றைப் புழக்கத்திலிருந்து விலக்க அப்படி வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். எப்படியானாலும், பேரரசர் முகம் இருக்கிறது என்பதற்காக யாரும் காசை ஏற்கவில்லை. பிற்காலக் கல்வெட்டுகளும் அதே எச்சரிக்கையோடு எழுதப்பட்டவை. இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு அளித்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகக் குறிக்கிறார்கள். நிலம் விற்ற ஆவணங்களில் 'அன்றாடு நற்காசு' என்று வரும். அன்றைக்குப் புழக்கத்தில் உள்ள, குறையற்ற காசு என்று பொருள். காசு என்று மட்டும் எழுதினால் போதவில்லை. 'நல்ல' என்ற அடையை ஆவணம் கேட்டது. இந்த அடையும் பெயரும் ஒரே சொல்லில் குடியேறியதையே நாணயத்தின் பொருள் விரிவில் காண்கிறேன். காசு என்பது எந்தக் காசும் ஆகலாம். ஆளைக் குறிக்கும்போது நாணயம் சோதனையில் நின்ற காசு.

இதே பாதையில் போன இன்னொரு சொல் செல்வாக்கு. செல்லும் வாக்கு என்பதே அது. காசு செல்லும், செல்லாது என்பதுபோல ஒருவர் சொல்லும் செல்லும், செல்லாது. மதிப்பிழந்த மனிதரைச் செல்லாக்காசு என்கிறோம். கைக்குக் கை போவதுதான் காசின் உயிர். சொல்லுக்கும் அதுவே என்று இந்தச் சொற்களை ஆக்கியவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்து மொழிகளிலும் இச்சொல் உண்டு. மலையாளத்தில் நாணயம், கன்னடத்தில் நாண்ய, தெலுங்கில் நாணெம் எல்லாம் காசு. தெலுங்கில் நாண்யத என்றால் பொருளின் தரம். சர்க்கரையும் சிமெண்டும் அங்கே நாண்யத உள்ளவை. தமிழிலும் நாணயமான சரக்கு என்று சொல்வதுண்டு, ஆனாலும் நாம் அச்சொல்லை முதன்மையாக மனிதருக்கே வைத்துக்கொண்டோம்.

அப்படி வைத்துக்கொண்டதில் வணிகச் சமூகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடை வைத்தபோது முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், மேலாள் மூன்று ஆண்டுக் கணக்கில் கடல் கடந்து போவார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற அந்த வரிசை ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்குப் பழக்கமானது. பெட்டிச் சாவி வேற்று நாட்டில் ஒருவர் கையில். நடப்பது கடிதமாக வந்து சேர வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கடையைத் தாங்கியது மேலாளின் நாணயம். ஒருமுறை கெட்டுவிட்டால் இன்னொரு கடையில் அவருக்கு வேலை இல்லை. அவர் மகனுக்கும் சிரமம்.

நம்பிக்கைக்கும் நாணயத்துக்கும் உள்ள உறவு இங்கே தெளிவாகிறது. நம்பிக்கை கொடுப்பவர் மனத்தில் இருப்பது. நாணயம் வாங்குபவரிடம் இருப்பது, அதுவும் ஊர் சொன்னால்தான் இருப்பது. நேர்மை தனியாக வாழ்பவருக்கும் இருக்கலாம். துறவியை நேர்மையானவர் என்போம், நாணயமானவர் என்று சொல்ல மாட்டோம். வாங்கித் திருப்பிக் கொடுத்து, மீண்டும் வாங்கிக் கொடுத்துப் பழகியவருக்கே அந்தச் சொல் ஒட்டும்.

கைமாற்று அதன் நல்ல களம். வட்டியில்லை, பத்திரமில்லை, சாட்சியில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை தந்துடறேன்" என்ற ஒரு வாய்ச்சொல். வெள்ளிக்கிழமை பணம் புரளவில்லை என்றால் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆள் தெரிகிறார். வீடு தேடி வந்து, "இந்த வாரம் முடியலண்ணே, அறுப்பு முடிஞ்சதும் தந்துடறேன்" என்று தவணை சொல்பவரின் நாணயம் கெடுவதில்லை. தெருவை மாற்றி நடப்பவரின் நாணயம்தான் போகிறது. கடன்பட்டவரின் ஏழ்மையை மன்னித்து, ஒளிவதை மட்டும் மன்னிக்காத இந்த அளவுகோல் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுகிறது.

இந்த அளவுகோல் எல்லோர்மீதும் ஒரே மாதிரி வைக்கப்பட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்ணையில் உழைத்தவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் நெல் அளந்தார்கள். அளந்தவரின் கணக்கேட்டை யாரும் உரசிப் பார்க்கவில்லை. நாணயத்தை அளக்கும் உரிமை நிலமும் சாதியும் உள்ளவர் கையிலேயே வெகுகாலம் இருந்தது. வங்கிக் கடன் அதை ஓரளவு உடைத்தது என்பதை மறுக்க முடியாது.

இன்று வங்கியில் கேட்பது சிபில். 2000இல் தொடங்கிய கடன் தகவல் நிறுவனத்தின் பெயர், 300 முதல் 900 வரையிலான எண்ணாக மாறி, "உங்க சிபில் எவ்வளவு சார்?" என்று வழக்குத் தமிழிலேயே புகுந்துவிட்டது. சாதி கேட்காது, பரம்பரை கேட்காது, அது நல்லது. ஆனால் தவணை தவறியது அதற்குத் தெரியும், தேடி வந்து சொன்னது தெரியாது. மழை பொய்த்ததும் மகளுக்குக் காய்ச்சல் வந்ததும் அந்த எண்ணில் ஏறுவதில்லை. நாணயம் என்ற சொல்லின் பாதியைத்தான் சிபில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மீதிப் பாதி தெருச் சீட்டுகளில் வாழ்கிறது. 1982இன் சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்து நடப்பவை ஒருபுறம். நான் சொல்வது பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளும் சின்னச் சீட்டு. அதில் கடைசியாக எடுப்பவரைப் பற்றி மற்றவர்களுக்குக் கவலையில்லை, அவர் கட்டி முடித்துவிட்டார். முதல் மாதம் எடுப்பவர்தான் இன்னும் பதினோரு மாதம் கட்ட வேண்டியவர். யாருக்கு முதல் சீட்டு தரலாம் என்று பேசும்போது எண் பார்ப்பதில்லை. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் கல்லூரிக் கட்டணம் என்று கேட்டுவிட்டு, "அவளுக்கே குடுங்கக்கா, நாணயமானவ" என்று யாராவது ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.