ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க்... ஐபி முகவரி ஒன்றாக இருந்தாலும் குழப்பம் வராதது எப்படி?

உங்க வீட்டு வைஃபை ரூட்டரின் ஐபி முகவரி 192.168.1.1 என்று இருக்கலாம். பக்கத்து வீட்டு ரூட்டருக்கும் அதே முகவரி இருக்கலாம். இரண்டும் தனித்தனி நெட்வொர்க் என்பதால் பிரச்னை இல்லை. ஆனால், அந்த இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்தால் என்ன ஆகும்?

ஒரே முகவரி ஏன் வருகிறது?

192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் நெட்வொர்க்குகளுக்காக ஒதுக்கப்பட்டவை. 1996-ல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம் இதைச் சொல்கிறது. யாரிடமும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஊருக்கு ஊர் ஒரு காந்தி நகர் இருப்பது மாதிரிதான். ஊர் பேர் எழுதாமல் 'காந்தி நகர், 5-ம் நம்பர் வீடு' என்று மட்டும் போட்டால் தபால் எங்கே போகும்?

என்ன ஆபத்து?

ஒரு டேட்டா பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்பதை, ரூட்டிங் டேபிள் என்ற பட்டியலைப் பார்த்துத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கு ஒரே ரூட்டர், ஒரே பட்டியல் என்றால், ஒருவருக்கான டேட்டா மற்றவரின் நெட்வொர்க்குக்குள் போய்விடலாம்.

தீர்வு என்ன?

பட்டியலைப் பிரித்துவிடுவதுதான். ஓபன்பிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இதற்கு 'ரூட்டிங் டொமைன்' என்று பெயர். ஒவ்வொரு டொமைனுக்கும் 0 முதல் 255-க்குள் ஒரு எண் உண்டு. மாற்றாதவரை எல்லாமே 0-ல் இருக்கும். ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஒரு டொமைனில் மட்டுமே இருக்க முடியும். டொமைன் 1-லும் 2-லும் ஒரே ஐபி முகவரி இருந்தாலும் மோதாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா தானாகத் தாண்டாது. தேவைப்பட்டால் 'பிஎஃப்' ஃபயர்வாலில் விதி எழுதி அனுமதிக்கலாம். லினக்ஸில் இதே வேலையை 'விஆர்எஃப்' செய்கிறது.

எதில் கவனம் தேவை?

பிரிவது நெட்வொர்க் வழி மட்டும்தான், கம்ப்யூட்டர் இரண்டாகிவிடாது. ஃபைல்கள், யூசர்கள், கெர்னல் எல்லாம் பொதுவானவையே. ரூட் அனுமதி ஹேக்கர் கைக்குப் போனால் எல்லா டொமைனும் அவர் கையில்தான்.

இன்னொன்று: டொமைன் 0-ல் நின்றபடி டொமைன் 2-ல் உள்ள கருவிக்கு 'பிங்' கொடுத்தால் பதில் வராது. லைன் போய்விட்டது என்று கேபிளைக் கழற்றும் முன், எந்த டொமைனில் இருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது.